செம்மண் சீமை – 14: சிட்டாவில் இல்லாத ஆயா

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கு இரண்டு சந்நிதிகள். மூத்தவள் விருத்தாம்பிகை எனப்படும் பெரியநாயகி, இளையவள் பாலாம்பிகை. இதற்கு ஊரில் ஒரு கதை வழங்குகிறது. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் குரு நமசிவாயர் ஓர் இரவு இங்கே தங்கினார். பசி தாங்காமல் பெரியநாயகியைக் கிழவியாக வைத்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்மன் மூதாட்டியாக வந்து, கிழவி என்று பாடிவிட்டுச் சோறும் தண்ணீரும் கேட்டால் அவளால் எப்படிச் சுமந்துவர முடியும் என்று கேட்டாளாம். புலவர் இளையவளாக மாற்றிப் பாட, அவள் குமரியாக வந்து அன்னமிட்டாள்.

சுற்றுவட்டக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு அம்மனின் அந்தக் கேள்விதான் ஆச்சரியம் தரும். இங்கே எழுபது வயதிலும் தலையில் கூழ்ப்பானை, இடுப்பில் தண்ணீர்க் குடம் என்று கொல்லைக்கு நடந்தவர்கள் கிழவிகள்தாம். அவர்கள் சுமந்து வந்த சோற்றில் வளர்ந்தவைதான் இந்தச் சீமையின் பெரிய குடும்பங்கள்.

பாட்டியை இங்கே ஆயா என்பார்கள். 1930களிலும் 40களிலும் பிறந்து, 2000-ஐத் தாண்டியும் களைக்கொட்டைக் கீழே வைக்காத ஆயாக்களைப் பற்றியது இந்த வாரம்.

அவர்களுக்கு வாய்த்த நிலம் இலகுவானதல்ல. நெய்வேலி, கம்மாபுரம் பக்கம் செம்மண். திட்டக்குடி, பெண்ணாடம் பக்கம் போகப் போகக் கரிசல் கலக்கும். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்து பார்த்தவர்கள் உண்டு, ஆனால் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் இல்லை. ஏரிப் பாசனமோ கிணறோ இருந்தால் நெல், கரும்பு. மற்ற இடமெல்லாம் வானம் பார்த்த பூமி. அதில் வரகு, கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை, முந்திரி.

வரகிலிருந்து தொடங்குவதே நியாயம். மழை பொய்த்தாலும் கைவிடாத தானியம் அது. விதை பல வருஷம் கெடாமல் இருக்கும் என்பதால்தான் கோபுரக் கலசத்தில் வரகைப் போட்டு வைத்தார்கள். ஆனால் அதைச் சோறாக்குவது லேசான வேலை அல்ல. உமி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. திருகையில் திரித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். பதினைந்து பேர் உண்ணும் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு மத்தியானமே உலக்கை விழத் தொடங்கிவிடும். வரகு வழக்கொழிந்ததற்கு ரேஷன் அரிசியைக் காரணம் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். இன்றைக்குச் சிறுதானியத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்தத் தோள்களை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது மல்லாட்டை. நிலக்கடலையை இந்தப் பக்கத்தில் வேறு பெயர் சொல்லிக் கேட்பது அபூர்வம். விருத்தாசலத்தின் பெயரை விவசாயத்தில் நிலைநாட்டியதே இந்தப் பயிர்தான். ஊரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, முந்திரி ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடுதான் நாடெங்கும் போகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை ஊர்க்காரர்கள் 'கமிட்டி' என்பார்கள். அறுவடைக் காலத்தில் அங்கே மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமிருக்காது.

அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விதைக்கான காயை உடைக்காமல் ஓட்டோடுதான் சேமிப்பார்கள். விதைப்புக்குச் சில நாள் முன்னால் ஆயா காயைக் குவித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். மருமகள்கள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் சேர்ந்து கையால் உடைப்பார்கள். மேல்தோல் கிழிந்த பருப்பு முளைக்காது, மண்ணில் அழுகிவிடும். ஆகவே சுருங்கியது, தோல் போனது, பிளந்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ள வேண்டும். எது விதை, எது செக்குக்குப் போகும் என்பது ஆயாவின் விரல் சொல்லும் தீர்ப்பு. அடுத்த நான்கு மாதத்துக் குடும்ப வருமானம் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

விதைத்து இருபது நாள் கடந்ததும் முதல் களை. நாற்பது நாள் வாக்கில் இரண்டாவது களை வெட்டி, மண் அணைக்க வேண்டும். மல்லாட்டைப் பூ செடியின் மேலே பூக்கும், காய் மண்ணுக்குள் பிடிக்கும். பூவிலிருந்து ஊசி போன்ற விழுது இறங்கி மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய். விழுது இறங்கிய பிறகு களைக்கொட்டு பட்டால் காய் போச்சு. அதனால் எந்த நாளோடு களைவெட்டை நிறுத்த வேண்டும் என்பது முக்கியம். ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேளாண் துறை சொல்லும் நாளும் அந்த நாற்பது, நாற்பத்தைந்தாம் நாள்தான். பள்ளிக்கூடம் போகாத ஆயாக்கள் செடியைப் பார்த்தே அந்த நாளைக் குறித்தார்கள்.

நூறு நாள் கடந்ததும் செடி பிடுங்க வேண்டும். ஈரம் இருந்தால் செடி கொத்தாக வரும். மண் இறுகியிருந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். பிடுங்கிய செடியைக் குவித்துக் காய் ஆய்வது பெண்கள் வேலை. ஆய்ந்த காயில் அளவுக்கு ஒரு பங்கு கூலி. கொடி மாட்டுக்கு. மண்ணில் தங்கிய காயைப் பொறுக்க ஆயா பேரப்பிள்ளைகளோடு மறுபடி கொல்லைக்கு வருவாள். சொந்தக் கொல்லை என்றாலும் தப்புக்காயை விட்டுவைக்க மனசு வராது. அந்தக் காசில்தான் திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்குச் சட்டை வந்தது.

முந்திரி இன்னொரு விதம். தையில் பூத்து, பங்குனி முதல் வைகாசி வரை கொட்டை விழும். விழுந்ததைப் பொறுக்க வேண்டும், பழத்தைத் திருகிக் கொட்டையைப் பிரிக்க வேண்டும். விடியலிலேயே போகாவிட்டால் வேறு கை பொறுக்கிவிடும். கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் விரல் கறுத்து உரியும். முந்திரி வியாபாரத்தில் பெரும்பணம் பார்த்தவர்களின் கதைகளை இந்த வட்டாரத்தில் நிறையக் கேட்கலாம். உரிந்த விரல்களின் கதை அதே அளவுக்குச் சொல்லப்படவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி தொடங்கி உள்ளே பரவிய முந்திரிக்காடும் பலாத்தோப்பும் வேரோடு சாய்ந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்; முந்திரி போனால் மறுபடி காய்ப்பைப் பார்க்க வருஷங்கள் ஆகும். அந்த மரங்களில் பல ஆயாக்கள் மருமகளாக வந்த புதிதில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து பிழைக்க வைத்தவை. புயலுக்குப் பின் ஒட்டுக்கன்று வாங்கி நட்டவர்களில், அதன் காய்ப்பைத் தாங்கள் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே நட்ட கிழவிகள் இருந்தார்கள்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த உழைப்பைச் சொல்ல முடியாது. எட்டு, ஒன்பது பிள்ளை பெற்றவர்கள் சாதாரணம். "எத்தனை பிள்ளை?" என்று ஆயாவிடம் கேட்டால் இரண்டு எண்கள் வரும். ஒன்று பெற்றது, மற்றது தங்கியது. மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1971-இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை. இந்த ஆயாக்களின் மூத்த பிள்ளைகள் பிறந்த காலத்தில் நிலைமை இன்னும் மோசம். குழந்தை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். வேண்டாத பொருள் என்று எண்ணிக் காலன் விட்டுவிட்டுப் போகட்டும் என்ற தாயின் ஏக்கம் அந்தப் பெயர். வரிசையாகப் பெண் பிறந்தால் போதும்பொண்ணு. வாக்காளர் பட்டியலில் மூத்தவர்களின் பெயர்களை வாசித்தாலே இந்த வீடுகளில் நடந்தவை தெரியும்.

தங்கிய பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, மருமகள்கள் வந்து, ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைத்த காலத்தில் ஆயாதான் வீட்டின் கணக்கு. யாருக்குப் பேறுகாலம், எந்த மாடு சினை, எந்தக் குதிரில் எவ்வளவு தானியம், எந்த மகள் தாய்வீடு வந்து எத்தனை மாதமாச்சு என்பதெல்லாம் அவள் தலைக்குள். இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு 1.8 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. ஒரே தலைமுறை இடைவெளியில் இவ்வளவு பெரிய வீடு இவ்வளவு சிறியதானது. அந்தப் பழைய நெரிசலை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் உண்டு. பதினைந்து பேருக்கு இலை போட்ட ஆயா கடைசியாகப் பானையை வழித்துச் சாப்பிட்டதையும் அவர்கள் நினைக்க வேண்டும்.

இனி, இந்த வாரக் கட்டுரையின் கேள்வி. இத்தனை பயிரையும் இத்தனை உயிரையும் வளர்த்தவள் அரசாங்கக் கணக்கில் விவசாயியா?

தாலுகா அலுவலகத்தில் சிட்டா எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயர் இருக்கும், அவர் தகப்பன் பெயர் இருக்கும். ஆயா பெயர் பெரும்பாலும் இருக்காது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் மொத்தச் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பேரில் இருந்தவை நூற்றுக்குப் பதினான்குக்கும் குறைவு. வங்கிக் கடன், கூட்டுறவு உரம், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் சிட்டாவைக் கேட்கின்றன. 2019-இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் வருஷத்துக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான்.

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989-இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அமலுக்கு வந்த 1989 மார்ச் 25-க்கு முன்பே மணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆயாக்களின் தலைமுறை முழுக்க அந்த ஒரு வரியில் வெளியே நின்றது. 2005-இல் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. தகப்பன் அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை என்றது. அதற்குள் பெரும்பாலான ஆயாக்களின் தகப்பன் வீட்டில் பாகப்பிரிவினை முடிந்து, அண்ணன் தம்பி பிள்ளைகளும் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். முன்பே முறையாக முடிந்த பாகப்பிரிவினையைப் புதிய சட்டம் தொடாது.

கணவன் வழியிலும் இதேதான். அவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய பங்கில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம உரிமை என்பது 1956-இலிருந்தே சட்டம். நடைமுறையில் மகன்கள் பெயருக்குப் பட்டா மாறும். ஆயா கைநாட்டு வைப்பாள்.

நிலமே இல்லாத ஆயாக்களை இங்கே மறந்துவிடக் கூடாது. காலனித் தெருவிலிருந்து வந்து பிறர் கொல்லையில் களை வெட்டி, காய் ஆய்ந்து, அறுப்பறுத்தவர்களே அதிகம். 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. பல கிழவிகளுக்குத் தங்கள் பேரில் ஒரு அட்டையும், பிறகு ஒரு வங்கிக் கணக்கும் வந்தது அதனால்தான்.

சிட்டாவில் பெயரில்லாத இந்த ஆயாக்களுக்கு நேர்மாறான ஒரு வாழ்க்கையும் தமிழ்நாட்டில் இருந்தது. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி பாப்பம்மாள் 1914-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். பாட்டி தேக்கம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்தார், அவருக்குப் பிறகு கடை பேத்தி கைக்கு வந்தது. அந்தக் கடையில் சேர்த்த காசில் பாப்பம்மாள் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். நூறு வயதைத் தாண்டியும் மீதமிருந்த இரண்டரை ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் பயிர் செய்தார். காரமடை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தார். வேளாண் பல்கலைக்கழகக் கூட்டங்களில் எழுந்து பேசினார். 2021-இல் பத்மஸ்ரீ. 2024 செப்டம்பர் 27-இல் மறைந்தபோது நாடே அவரை மூத்த விவசாயி என்று சொல்லி வழியனுப்பியது.

அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட யாராலும் முடியாது. ஆனால் அதே அளவு உழைத்த விருத்தாசலத்து ஆயாக்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், பாட்டியின் கடையில்தான். ஒரு பெண்ணின் சொத்து இன்னொரு பெண்ணுக்கு நேராகப் போனது. அதிலிருந்து வாங்கிய நிலம் அவருடையதாயிற்று. என்ன விதைப்பது, எதை விற்பது என்ற முடிவும் அவருடையதாயிற்று.

விருத்தாசலத்தில் மண் எப்படிக் கைமாறியது என்பதற்கு நெய்வேலியைத்தான் பார்க்க வேண்டும். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்புப் பொருள் பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. அதைத் தோண்டி எடுக்க 1956-இல் நிறுவனம் உருவானது. சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் கொடுத்து இடம்பெயர்ந்தார்கள். இழப்பீடு பட்டாதாரருக்கு. அந்த மண்ணில் முப்பது வருஷம் களை வெட்டியவள் புது இடத்தில் முதலிலிருந்து தொடங்கினாள். அது பழங்கதையாகிவிடவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்கக் கால்வாய்க்காக, கதிர் வரவிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியபோது, வரப்பில் நின்று அழுத பெண்களைத் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது.

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் ஆக்கியதும் இந்த மண்தான். நெய்வேலிப் பகுதியில் நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் களிமண்ணை நம்பி இங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. அதற்கென அரசுத் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிறது. களிமண்ணை நீர்க்கக் கரைத்துப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோலாகப் பிடிக்கும், மீதியைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். அச்சைப் பிரித்து எடுத்த பொம்மையின் ஓரம் சீவுவது, துடைப்பது, வண்ணம் தீட்டுவது என்று பல பெண்களின் கைகள் அங்கே ஓடுகின்றன. ஆயாவின் மருமகளும் பேத்தியும் கொல்லையை விட்டு இந்தக் கொட்டகைகளுக்குப் போனார்கள். மழையை எதிர்பார்க்காத வாரக் கூலி பெரிய ஆறுதல். கூலி அவள் கையில் விழுந்தது. கொட்டகையும் சூளையும் பெரும்பாலும் வேறொருவர் பேரில்.

ஆயாவைப் பதிவேடு விட்டுவிட்டாலும் இந்த மண்ணின் எழுத்து விடவில்லை. த. பழமலய் 1988-இல் வெளியிட்ட 'சனங்களின் கதை' தொகுப்பில் சொந்த பந்தங்களையே கவிதைக்குள் அழைத்து வந்தார். மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் ஒரு கூலிக்காரப் பெண்ணின் பாடுகளை 'அஞ்சலை' நாவலாக்கினார். இந்த வட்டாரத்துப் பேச்சைத் திரட்டி 2007-இல் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தந்தவரும் அவர்தான். அகராதியில் கொல்லை, களம், அடுப்பு சார்ந்த சொற்களைப் புரட்டினால் அவற்றில் பாதிக்கு மேல் ஆயாக்கள் வாயில் புழங்கியவை என்று தோன்றும்.

சட்டத்திலும் முயற்சி நடக்காமல் இல்லை. நிலம் பேரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாய வேலை செய்யும் பெண்ணுக்கு விவசாயி என்ற சான்று தர வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் 2012-இல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவருடைய பதவிக்காலம் முடிந்ததோடு அது காலாவதியானது. 2026-ஐப் பெண் விவசாயிகளின் பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்த மசோதாவைத் தூசி தட்டி எடுக்க இதைவிட நல்ல வருஷம் அமையாது.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பேரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. முந்திரிக்கொல்லை ஒன்றை மருமகள் பேரில் வாங்க இது உதவும். அதே பதிவு அலுவலகங்களில் இன்னொரு பத்திரமும் எழுதப்படுகிறது. தகப்பன் இறந்ததும், அண்ணன் தம்பிக்குத் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மகள்கள் கையெழுத்திடும் விடுதலைப் பத்திரம். சீர் செய்தாச்சே, நகை போட்டாச்சே என்று சொல்லி அழைத்து வருவார்கள். தாய்வீட்டு வாசல் மூடிவிடுமோ என்ற பயத்திலேயே பலர் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். 1989-இல் சட்டம் வெளியே நிறுத்திய ஆயாவின் பேத்திக்கு இன்று முழு உரிமை இருக்கிறது. அந்தப் பத்திரம் பதிவாகிவிட்டால் அந்தச் சொத்தில் அவள் பங்கு அன்றோடு போய்விடும்.

(தொடரும்)